அம்மம்மாவின் தாத்தாவைத் தேடி: கொழும்பில் இருந்து ஒரு கோஸ்ட்கார்ட்காரரின் தடம்

கிட்டத்தட்ட 64,000 ரூபாவும் ஒரு வருடத்துக்கு மேலான சனி ஞாயிறுகளும் கையை விட்டுப் போன பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் கடலில் வேலை பார்த்த முன்னோர் ஒருவரைக் கொழும்பில் இருந்துகொண்டு எப்படித் தேடுவது என்று யாராவது தமிழில் முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தக் காசில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். நான் தேடியவர் பிரிட்டிஷ் கோஸ்ட்கார்டில், அதாவது கரையோரக் காவல் சேவையில், இருந்தவர். உங்களுடையவர் கடற்படையிலோ துறைமுகத்திலோ இருந்திருக்கலாம். போகும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்.

மாமா காலமான பிறகு முகத்துவாரத்து வீட்டை விற்க வேண்டி வந்தது. வாங்குகிறவரின் லோயர் உறுதிகளைக் கேட்டார். அலுமாரியில் இருந்த கட்டை அவிழ்த்தால் அடியில் 1893ஆம் ஆண்டு முடித்த ஆங்கில உறுதி ஒன்று. காணியை வாங்கியவர் அம்மம்மாவின் தாத்தா. அவருடைய பெயருக்குப் பின்னால், மகாராணியின் கோஸ்ட்கார்ட் சேவையில் இருந்து ஓய்வூதியம் பெறுபவர் என்று நொத்தாரிசு எழுதியிருந்தார். லோயர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி முப்பது வருடத்து உறுதிகள் போதும் என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மண்டைக்குள் ஏறிவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டில் அவர் கப்டன். அம்மம்மா சொல்லி, அம்மா சொல்லி, நாங்களும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். கடலில் போன தாத்தா எல்லா வீட்டிலும் கப்டன்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆங்கிலேயருக்குள் அது தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர். என் கஷ்டத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

தேடப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "விசா கிடைக்குமா?" இதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களையும் கேட்பார்கள். பொதுநலவாய நாட்டுக்காரருக்கு பிரிட்டன் கொடுக்கும் வம்சாவளி விசாவுக்கு உங்கள் தாத்தா பாட்டியில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 1922 மார்ச் 31க்கு முன் அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டும். பூட்டன், ஓட்டன் எல்லாம் கணக்கில் வராது. எங்கள் வீட்டில் அந்தத் தகுதி இருந்தது அம்மம்மா ஒருவருக்குத்தான். அவர் 1996இல் போய்விட்டார். இதைச் சொன்ன அன்றோடு உதவிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காணாமல் போனார்கள்.

இன்னொரு பக்கம், "இங்கே கோஸ்ட்கார்ட் இருக்கிறதே, அங்கே போய்க் கேளேன்" என்றார்கள். இலங்கையின் கோஸ்ட்கார்ட் திணைக்களம் 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதற்கும் 1893ஆம் ஆண்டு உறுதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உறுதியில் இருந்தது பிரிட்டனின் கோஸ்ட்கார்ட். கள்ளக்கடத்தலைத் தடுக்க அதுவரை தனித்தனியாக இயங்கிய சில காவல் பிரிவுகளைச் சேர்த்து 1822இல் சுங்கத்தின் கீழ் உருவாக்கியது அது. 1856இல் சட்டம் போட்டு அதைக் கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டியிடம் கொடுத்தார்கள். 1923 வரை அங்கேதான் இருந்தது. வரலாறு எனக்கும் பெரிய ஆசையில்லைதான், ஆனால் இந்த மூன்று ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் எந்தக் காலத்தவர் என்பதைப் பொறுத்து அவருடைய காகிதம் சுங்கத்தின் பக்கம் கிடக்குமா, கடற்படையின் பக்கம் கிடக்குமா என்பது மாறும். எங்களுடையவர் 1893இல் ஓய்வூதியக்காரர். ஆகவே கடற்படை.

இனிக் காசு போன கதை. 2022 பெப்ரவரி. இணையத்தில் தேடியபோது பிரிட்டனில் குடும்ப வரலாறு தேடிக் கொடுக்கும் ஒருவர் அகப்பட்டார். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். கடற்படை ஆவணங்களில் அனுபவம் என்று போட்டிருந்தார். 180 பவுண், இரண்டு தவணை. இங்கேயிருந்து கார்டில் கட்டப் பார்த்தேன், அந்த நேரத்தில் வங்கிகள் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை இறுக்கிப் பிடித்திருந்தன. லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகள் கட்டினாள், நான் அவளுடைய அம்மாவின் கணக்கில் ரூபாவாகப் போட்டேன். முதல் 90 பவுணைக் கட்டியபோது ஒரு பவுண் 270 ரூபா அளவில் இருந்தது. இரண்டாவது தவணைக்கு நாள் வந்தது மே மாதத்தில். அதற்குள் ரூபா விழுந்து ஒரு பவுண் 440 ரூபாவைத் தொட்டுவிட்டது. அதே 90 பவுணுக்கு நாற்பதாயிரம் வரை எண்ணிக் கொடுத்தேன். காஸ் இல்லை, பால்மா இல்லை, வீட்டுக்காரர் பெற்றோல் வரிசையில் நிற்கிறார், நான் செத்துப்போன தாத்தாவுக்குக் காசு அனுப்புகிறேன். அவரிடம் அன்றைக்கு நான் தொகையைச் சொல்லவில்லை.

ஜூனில் அறிக்கை வந்தது. அழகான பிடிஎஃப், கரையில் பூ வேலை எல்லாம். 1881ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குடிசன மதிப்பீட்டில் டெவன் பக்கத்துக் கரையோரத்தில் அதே பெயரில் ஒரு கோஸ்ட்கார்ட், மனைவி, நான்கு பிள்ளைகள். அவருடைய தகப்பன், தகப்பனுடைய தகப்பன் என்று 1700கள் வரை மரம் போட்டிருந்தார். இரண்டு நாள் நான் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தைச் சரியாகப் படித்தேன். அந்த மனிதர் 1891இல் டெவனிலேயே செத்து, அங்கேயே அடக்கமும் ஆகியிருந்தார். 1893இல் முகத்துவாரத்தில் காணி வாங்கியவர் அவராக இருக்கச் சாத்தியமே இல்லை. அந்த உறுதியின் படத்தை நான் முதல் மடலிலேயே அனுப்பியிருந்தேன். திருப்பி எழுதியபோது, கட்டணம் தேடுவதற்குத்தான், கிடைக்கும் முடிவுக்கு அல்ல என்று பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. நான் அழுதது காசுக்கா, இரண்டு நாள் என்னுடையவர்கள் என்று நினைத்த அந்த டெவன் பிள்ளைகளுக்கா என்று இப்போதும் தெரியாது.

ஆகவே வெளியில் காசு கொடுத்துத்தான் தேட வேண்டும் என்றால், கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் கண்டுபிடிக்கும் ஆள் எங்கள் ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? பெயர் ஒத்துப்போவது சாட்சி அல்ல. பிறந்த இடம், தகப்பன் பெயர், ஓய்வூதியம் தொடங்கிய காலம், இவற்றில் குறைந்தது இரண்டு நம் கையில் உள்ள காகிதத்தோடு பொருந்த வேண்டும். அதற்கு முதலில் நம் கையில் காகிதம் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் கொழும்பில்தான் கிடக்கிறது, பவுணில் இல்லை, ரூபாவில்.

நான் மறுபடி தொடங்கியது கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய ஆங்கிலிக்கன் கோயில் ஒன்றில். அம்மம்மாவின் அம்மா 1892இல் பிறந்தவர் என்பது குடும்ப வேதாகமத்தில் இருந்தது. அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு கல்யாணம் நடந்திருக்க வேண்டும். குருவானவருக்கு ஒரு கடிதம் எழுதி, நான் யார், எந்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும், எதற்காக என்று போட்டு, அடையாள அட்டைப் பிரதியும் வைத்துக் கொடுத்தேன். சும்மா போய் நின்றால் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாருங்கள் என்று தள்ளிக்கொண்டே போவார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தப் புத்தகங்களை யார் கையிலும் கொடுக்க முடியாது. பக்கங்கள் பொரிந்த அப்பளமாக நொறுங்குகின்றன. போனில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் போடாமல். படம் எடுக்கும்போது உங்களுக்கு வேண்டிய பதிவை மட்டும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும், முன்பின் பக்கங்களையும் எடுங்கள். எனக்கு மிகவும் உதவியது பின்னால் சொல்லப்போகும் ஒரு முன்பக்கம்தான்.

1891ஆம் ஆண்டுப் பதிவில் அவர் இருந்தார். பழைய கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளை பெண் பெயர் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வயது, தொழில், இருப்பிடம், முன்பு மணமானவரா இல்லையா, இருவரின் தகப்பன்மார் பெயரும் தொழிலும், எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எங்களுடையவருக்கு வயது 40. தொழில் துறைமுகத்தில். தகப்பன் மீனவர். அப்புறம் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த இடம்: மணநிலை என்ற கட்டத்தில், தாரமிழந்தவர்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். பெரியம்மாவுக்குச் சொன்னபோது அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட ஆச்சி ரெண்டாம் தாரமோ?" என்றார். அவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எனக்கோ புதையல். முதல் மனைவி இருந்தால் பிள்ளைகள் இருந்திருக்கலாம், பிள்ளைகள் இருந்தால் பிறப்புப் பதிவுகள் இருக்கும், கோஸ்ட்கார்ட்காரரைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று பின்னால்தான் அறிந்தேன்.

பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மாளிகாவத்தை மத்திய பதிவறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1860களின் கடைசியில் முறையாகத் தொடங்கியது. ஆகவே 1890கள் தாராளமாக எட்டும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஒரு குறுகிய காலத்தைக் குறித்துத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் காலம் தப்பினால் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம். அதனால் கோயில் புத்தகத்தில் திகதியை உறுதிப்படுத்திக்கொண்டு போவதுதான் புத்தி. பழைய பதிவுகள் ஆங்கிலத்தில் இருக்கும். பெயரை நீங்கள் எழுதும் எழுத்துக்கூட்டலில் மட்டும் கேட்காமல், காதில் விழுகிற மாதிரி மூன்று நான்கு விதமாக எழுதிக் கொடுங்கள். இனம் என்ற கட்டத்தை நம்பி ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்திலேயே தகப்பன் ஐரோப்பியர், மகளை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் போட்டிருக்கிறார்கள், அவர் தமிழர் ஒருவரைக் கட்டியதும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் இலங்கைத் தமிழர். தலைமுறைக்கு ஒரு இனம். இந்த நாட்டில் அதற்காக மனிதர் செத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிக்கூடத்தையும், ஆர்க்கைவ்ஸ் என்றுதான் எல்லாரும் சொல்வது, விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்து அரச வர்த்தமானி, பழைய பத்திரிகைகள், பெர்குசன் டிரக்டரி எல்லாம் அங்கே பார்க்கலாம். டிரக்டரியில் திணைக்களம் திணைக்களமாக உத்தியோகத்தர் பெயர் இருக்கும். துறைமுகத்துக்காரரை மாஸ்டர் அட்டெண்டன்ட் என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும், அப்போது கொழும்புத் துறைமுகத்தின் பொறுப்பதிகாரிக்கு அதுதான் பதவிப் பெயர். இதைத் தெரிந்துகொள்ளாமல் "போர்ட்", "ஹாபர்" என்று அட்டவணையில் தேடி எத்தனையோ மணித்தியாலம் வீணானது. பென்சில் கொண்டு போங்கள். துறைமுகம் அந்த நேரத்தில் புதிது. 1875இல் வேல்ஸ் இளவரசர் முதல் கல் வைத்து, 1885இல் முடிந்த தென்மேற்கு பிரேக்வாட்டர் (அலைதடுப்புச் சுவர்) வந்த பிறகுதான் காலிக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கடல் தெரிந்த ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு இங்கே வேலை கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவும் கையில் வந்த பிறகு லண்டன் பக்கம் போனேன். கால் வைத்து அல்ல, கணினியில். கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டனின் தேசிய சுவடிக்கூடத்துப் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். கோஸ்ட்கார்ட் ஏடுகளுக்கு ஏ.டி.எம். 175 (ADM, அட்மிரல்டியின் சுருக்கம்) என்று வரிசை இலக்கம். எல்லாரும் முதலில் அங்கேதான் பாய்வார்கள், நானும் பாய்ந்தேன். அதில் பல ஏடுகளை இலவசமாக இறக்கலாம், ஆனால் மைக்ரோஃபிலிமை அப்படியே படம் பிடித்த மிகப் பெரிய கோப்புகள். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். மின்சாரம் வரும் நேரத்தில் தொடங்கி, முக்கால்வாசி இறங்கியதும் வீடு இருண்டுவிடும். பிறகு ஒருநாள் கந்தோரில் வேலை முடிந்து இருந்து இறக்கினேன். திறந்து பார்த்தால் பெயர் வரிசை இல்லை, நிலைய வரிசை. எந்தக் கரையில் எந்த நிலையம் என்று தெரியாமல் ஒருவரைப் பிடிக்கவே முடியாது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து நிலையங்களின் அந்த ஏடுகள் 1869உடன் நின்றும் விடுகின்றன. உங்கள் ஆள் அதற்கு முந்தியவர், நிலையமும் தெரியும் என்றால் அவை தங்கம். என்னுடையவர் பிந்தியவர்.

பிந்தியவர்களுக்குக் கதவு வேறு. கோஸ்ட்கார்ட் அட்மிரல்டியின் கீழ் போன பிறகு அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கடற்படையில் சில வருடம் இருந்த மாலுமிகள். போர் வந்தால் திருப்பிக் கப்பலுக்குக் கூப்பிடத் தயாராக வைத்திருந்த ஆட்கள். ஆகவே அவர்களுடைய வாழ்க்கை கடற்படை மாலுமிகளின் சேவைப் பதிவேட்டிலேயே தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். 1853 முதல் 1872 வரை சேர்ந்தவர்களுக்கு ஏ.டி.எம். 139, 1873இல் இருந்து ஏ.டி.எம். 188. இரண்டையும் பெயர், பிறந்த இடம் வைத்துத் தேடலாம். பக்கத்தை இறக்கச் சில பவுண்தான். எங்களுடையவர் மாதிரி 1873ஐத் தாண்டி இருந்தவருக்கு இரண்டு இலக்கம் இருக்கும், ஒன்று பழைய ஏட்டுக்கு, ஒன்று புதிய ஏட்டுக்கு. இரண்டு இலக்கத்தைப் பார்த்து இரண்டு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அவருடைய பெயரில் பட்டியலில் ஒரு கூட்டமே இருந்தது. 1891இல் வயது 40 என்பதால் பிறப்பு 1851ஐ ஒட்டி. தகப்பன் மீனவர் என்பதால் கடற்கரை ஊர். அதில் நாலைந்து பேர் மிஞ்சினார்கள். எந்தப் பக்கத்தை வாங்குவது என்று யோசித்து, கடைசியில் கோர்ன்வாலில் பிறந்த ஒருவருடைய பக்கத்தை முதலில் வாங்கினேன். ஓய்வூதியம் 1889. நம்மாள் மாதிரி இருந்தது. ஆனால் 1879இல் இருந்து 1885 வரை கப்பல் என்ற கட்டத்தில் "வேலியண்ட்", "வேலியண்ட்", "வேலியண்ட்" என்றே இருந்தது. ஆறு வருடம் ஒரே போர்க்கப்பலில் கடலில் திரிந்தவர் கோஸ்ட்கார்டாக எப்படி இருந்திருப்பார் என்று அந்தப் பக்கத்தைக் கிட்டத்தட்ட மூடிவைத்துவிட்டேன்.

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுவது. கோஸ்ட்கார்ட்காரர் கரையில் ஒரு நிலையத்தில், மனைவி பிள்ளைகளோடு அரசாங்கக் குடியிருப்பில் இருப்பார். ஆனால் கணக்கில் அவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான காவல் கப்பலின் ஆள். சம்பளமும் பதிவும் கப்பலின் பெயரில். வேலியண்ட் என்ற அந்தக் கவசக் கப்பல் 1868இல் இருந்து 1885 வரை அயர்லாந்தில் ஷானன் ஆற்று முகத்தில் ஃபோய்ன்ஸ் என்ற இடத்தில் காவல் கப்பலாக நின்றது. ஆகவே கப்பலின் பெயர் அவர் ஏறிய கப்பல் அல்ல, எந்தக் கரையில் தேட வேண்டும் என்பதன் விலாசம். பக்கத்தில் தரநிலையையும் பாருங்கள். "போட்மேன்", "கமிஷண்ட் போட்மேன்", "சீஃப் போட்மேன்" என்று இருந்தால் அது கோஸ்ட்கார்ட் தரநிலை. கணக்கு வேலை பார்க்கிற எனக்கு இது உறைக்க அவ்வளவு நாள் ஆகியிருக்கக் கூடாது. எங்கள் கம்பனியிலும் ஹட்டன் கிளையில் வேலை செய்கிறவரின் சம்பளம் கொழும்புச் சிட்டையில்தான் வருகிறது.

அயர்லாந்து என்று தெரிந்ததும் செலவு நின்றுவிட்டது. அயர்லாந்தின் பழைய பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகளின் படங்களை அந்நாட்டு அரசாங்கமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிறப்புகள் 1864இல் இருந்து. குடிசன மதிப்பீட்டைத் தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள், அயர்லாந்தின் 1881, 1891 மதிப்பீட்டுத் தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டன, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் எடுத்தவற்றில் முழுமையாக மிஞ்சியவை 1901உம் 1911உம்தான். டெவன் ஆளைக் கண்டுபிடித்த அந்த மனிதர் 1881 மதிப்பீட்டில் அகப்பட்டவர்தான் நம்மாள் என்று முடிவு கட்டியதன் காரணம் இப்போது விளங்கியது. நம்மாள் இருந்த நாட்டுத் தாள்களே இல்லை.

கள்ளக்கடத்தல்காரரோடு கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள் என்ற பயத்தில் கோஸ்ட்கார்ட்காரரைச் சொந்த ஊரில் போடுவதில்லை, ஒரே இடத்தில் நெடுநாள் வைப்பதும் இல்லை. நிலையம் மாறிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் இடத்துக்கு ஒன்றாகப் பிறக்கும். பிள்ளைகளின் பிறப்பிடங்களை வரிசையாக வைத்தால் தகப்பனின் இடமாற்றக் கடிதங்கள் கையில் இருக்கிற மாதிரிதான். கில்ரஷ் பதிவுப் பிரிவில் 1880இல் ஒரு மகன். எனிஸ்டைமனில் 1882இல் ஒரு மகள். டிங்கிளில் 1885இல் இன்னொரு மகள். மூன்றிலும் தகப்பன் தொழில் கோஸ்ட்கார்ட். 1887இல் அதே டிங்கிளில் தாயின் இறப்பு, வயது 31, செய்தி கொடுத்தவர் கணவர். தாரமிழந்தவர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அன்றிரவு முகம் கிடைத்தது. ஒரு மாதத்துக்கு முன்பு வரை இருந்ததே தெரியாத பெண் ஒருத்திக்காக நான் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினேன். மகன் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, யார் செத்தது?" என்றான். என்ன சொல்வது?

சேவைப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இவ்வளவு காசுக்கும் மனம் ஆறியது அதில்தான். மேல் மூலையில் உடல் அடையாளம்: உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், தலைமயிர் கபிலம், கண் சாம்பல் நிறம், இடது கையில் நங்கூரம் பச்சை குத்தியது. பெரியம்மாவுக்குச் சாம்பல் கண். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பூனைக்கண்ணி என்று கூப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக் கோபப்படுவார். ஒவ்வொரு டிசம்பர் 31க்கும் நடத்தைக்கு ஒரு குறிப்பு, பெரும்பாலும் "மிக நன்று". 1874இல் மட்டும் ஏழு நாள் சிறைக்கொட்டடி. எதற்கென்று எழுதவில்லை. கடைசி வரை அவர் கப்டனும் இல்லை, அதிகாரியும் இல்லை, கமிஷண்ட் போட்மேன். ஆறு பேர் துடுப்புப் போடும் படகில் ஒருவர். கப்டனைவிட இவரை எனக்குப் பிடித்துப்போனது. மாமா இருந்திருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இவரைப் பற்றி இவ்வளவு கிடைத்தது, முகத்துவாரத்தில் இவர் கட்டிய எங்கள் ஆச்சியைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லையே என்று பெரியம்மா குறைப்பட்டார். நியாயம்தான். கல்யாணப் பதிவில் ஆச்சி கையெழுத்து வைக்கவில்லை, மை பரவிய ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி குருவானவரின் கையெழுத்தில் அவருடைய பெயர். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்திருந்தேன், அங்கேதான் முன்பக்கங்களையும் படம் எடுத்தது உதவியது. அதில், கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு, வளர்ந்த பெண் ஒருத்திக்கு ஞானஸ்நானம். கோயில் வைத்த பெயர் ஆங்கிலப் பெயர், பக்கத்தில் பழைய பெயர் வள்ளியம்மை, தகப்பன் முகத்துவாரத்துத் தோணிக்காரர் என்று ஆங்கிலத்தில். குடும்பத்தில் இப்படி ஒரு பெண் இருந்தால் கல்யாணத்துக்கு முந்தைய ஒரு வருடத்து ஞானஸ்நானப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள், வேறெங்கும் அந்தப் பெயர் வராது. மதம் மாறியிராவிட்டால் இதுவும் இல்லை. பெரியம்மா வள்ளியம்மை என்ற பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அந்தாள் கடலிலயே திரிஞ்சவர், இஞ்ச வந்தும் தோணிக்காரன்ர மகளைத்தான் பிடிச்சிருக்கிறார்" என்றார். இரண்டாம் தாரம் என்ற கவலை அதோடு போய்விட்டது.

இப்போது மிச்சம் இருப்பது முதல் குடும்பத்துப் பிள்ளைகள். தாய் செத்து, தகப்பன் கொழும்புக்கு வந்தபோது அவர்கள் எங்கே போனார்கள்? இளைய மகள் கோர்ன்வாலில் தகப்பனின் தங்கை வீட்டில், 1891 மதிப்பீட்டில் மருமகள் முறையாக இருக்கிறாள். மற்ற மகளைக் காணவில்லை. மகனுக்கு ஒரு வழி இருக்கிறது. கடற்படை, கோஸ்ட்கார்ட் ஆட்களின் ஆண் பிள்ளைகளை கிரீனிச்சில் இருந்த ரோயல் ஹொஸ்பிட்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அங்கிருந்து நேரே கடற்படைக்கு அனுப்புவார்கள். ஏ.டி.எம். 188 பட்டியலில் 1880இல் கில்ரஷில் பிறந்த, அதே பெயருள்ள ஒருவர் இருக்கிறார். அந்தப் பெயரில் கில்ரஷில் இன்னொருவர் பிறந்திருக்க வாய்ப்புக் குறைவு, ஆனாலும் டெவன் கதைக்குப் பிறகு நான் எதையும் முன்கூட்டி நம்புவதில்லை. பக்கத்தை இறக்க வேண்டும். இந்த மாதம் பிள்ளையின் டியூஷன் காசு கட்டியாகிவிட்டது, சம்பளம் வரட்டும்.